ஏஐ கருவி எழுதிய டெஸ்ட்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி:
பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் சிறிய குழுவில் பணிபுரிகிறேன். ஜிஎஸ்டி தொகையை முழு ரூபாயாக்கும் ஃபங்ஷனை (நிரல் துண்டை) ஒரு ஏஐ கருவியிடம் கேட்டு வாங்கினோம். அது சரியாக இயங்குகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்களையும் அதுவே எழுதித் தந்தது. அனைத்தும் பாஸ் ஆயின. ஆனால் சில வெளிமாநில பில்களில் ஒரு ரூபாய் குறைவதாகக் கணக்குப் பிரிவினர் திருப்பி அனுப்புகிறார்கள். 625 ரூபாய்க்கு 18 சதவீத வரி 112.50, பில்லில் 112 என்று வருகிறது. 675 ரூபாய்க்கு 121.50 என்பது 122 என்று சரியாகவே வருகிறது. டெஸ்ட்கள் இதை ஏன் பிடிக்கவில்லை?

மறுமொழி 1:
பைத்தானின் ரவுண்ட் ஃபங்ஷன், சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கே கொண்டுசெல்லும். ஆகவே 112.50 கீழே இறங்குகிறது, 121.50 மேலே ஏறுகிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவோ 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாகக் கூட்டச் சொல்கிறது. தசம எண்களைத் துல்லியமாகக் கையாளும் பைத்தானின் டெசிமலுக்கு மாறினால் மட்டும் போதாது, அதன் இயல்பான வழக்கமும் இதுதான். பாதியை மேலே ஏற்றும் ரவுண்ட்_ஹாஃப்_அப் முறையை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். உங்கள் டெஸ்டைத் திறந்து பாருங்கள், எதிர்பார்க்கும் விடையும் அதே ரவுண்டைக் கொண்டே கணக்கிடப்பட்டிருக்கும்.

மறுமொழி 2:
கோடும் (நிரலும்) டெஸ்டும் ஒரே புரிதலிலிருந்து பிறந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஆமோதிக்கத்தான் செய்யும். விடைத்தாளை எழுதியவரிடமே திருத்தக் கொடுத்த கதை இது. கணக்குப் பிரிவினரிடம் பத்துப் பதினைந்து உண்மையான பில்களை வாங்கி, விடைகளை எண்களாகவே டெஸ்டில் எழுதி, முதலில் அதைக் கமிட் செய்துவிட்டு (கோடின் வரலாற்றில் பதிந்துவிட்டு), அதன்பிறகு கருவியை அழைப்பதே நல்லது. டெஸ்ட் ஃபோல்டரைத் தொடக்கூடாது என்று கருவி படிக்கும் திட்டத்தின் அறிவுறுத்தல் ஃபைலிலும் எழுதி வையுங்கள். அப்படி எழுதினாலும் எது மாறியது என்று காட்டும் ‘கிட் டிஃப்’ பார்க்காமல் எதையும் மெர்ஜ் செய்யாதீர்கள் (முதன்மைக் கோடில் சேர்க்காதீர்கள்), ஏனெனில் ஃபெயில் ஆகும் டெஸ்டைப் பாஸ் ஆக்க, கோடை விட்டுவிட்டு டெஸ்டையே மாற்றிவிடும் பழக்கம் இக்கருவிகளுக்கு உண்டு. கருவியிடம் கோடை வாங்கும்போதும் ‘வரியை ரவுண்ட் செய்’ என்று கேட்காமல், சட்ட விதியையும் 112.50 போன்ற விளிம்பு எண்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

மறுமொழி 3:
இவ்வளவும் நாமே செய்வதென்றால் மிச்சமாகும் நேரம் எங்கே? மெட்டர் என்ற ஆய்வு நிறுவனம் 2025-இல், அனுபவமுள்ள 16 டெவலப்பர்களிடம் 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏஐ கருவியை அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள்.

மறுமொழி 2 எழுதியவர்:
அந்த டெவலப்பர்கள் பல ஆண்டுகளாகத் தாங்களே பங்களித்துவந்த, மூலைமுடுக்கெல்லாம் அறிந்த ஓப்பன் சோர்ஸ் (கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும்) திட்டங்களில்தான் வேலை செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத பழைய கோடில் வரி எங்கெங்கே கணக்கிடப்படுகிறது என்று தேடித் தரச் சொல்வதற்கு இக்கருவிகள் நன்றாகவே உதவுகின்றன, சொன்ன இடத்தைத் திறந்து சரிபார்ப்பதும் எளிது. கேள்வி கேட்டவர் அடுத்து அதைத்தான் செய்ய வேண்டும்: இதே ரவுண்ட், கிரெடிட் நோட்டிலும் மாத அறிக்கையிலும் ஒளிந்திருக்கக்கூடும்.