சைக்கிள்ல ஆபீஸ் போறேன்: சட்டையும் லேப்டாப்பும் சாம்பாரும் ஒண்ணா ஆயிடுச்சு, அவசரம்

தோசைக்கல்
நண்பர்களே, நெதர்லாந்து வந்து பத்தொன்பது நாள் ஆகுது. நேத்துதான் முதல்முறையா சைக்கிள்ல ஆபீஸ் போனேன். முதுகுல ஒரே பை. உள்ள லேப்டாப், சார்ஜர், இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட், ஷூ, சாப்பாட்டு டப்பா. இறங்கினப்போ போட்டிருந்த பனியன் முதுகோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சரி மாத்திக்கலாம்னு சட்டையை எடுத்தா காலர்ல சாம்பார். டாய்லெட்ல சோப்பு போட்டுத் துடைச்சதுல மஞ்சள் செக்கச்சிவப்பாகி இன்னும் பரவிடுச்சு. ஈர பனியன் மேல ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் கழட்டாம உட்கார்ந்திருந்தேன். லேப்டாப் பிழைச்சது, ஆனா மூடியைத் திறந்தா பெருங்காய வாசனை. வியாழக்கிழமை கிளையன்ட் வராங்க. நல்ல பை எதுன்னு மட்டும் சொல்லுங்க, லிங்க் இருந்தா போதும்.

ரெண்டுபூட்டு
பை இருக்கட்டும், பூட்டு என்ன வாங்கினீங்க? பின்சக்கரத்துல இருக்கிற வளையப் பூட்டு மட்டும்னா சைக்கிளை அப்படியே தூக்கிட்டுப் போயிடுவான். எனக்கு முதல் மூணு மாசத்துல ரெண்டு போச்சு. வளையப் பூட்டோட ஒரு தடிமனான சங்கிலியும் வேணும், அதைக் கம்பியோட சேர்த்துக் கட்டணும். பையைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்.

தோசைக்கல்
பூட்டு இருக்கு சார். பை?

பனிக்காலம்2011
தம்பி, நான் 2011 ஜனவரியில வந்தேன். கையுறை வாங்கணும்னுகூடத் தெரியாது. ஸ்டேஷன்லேர்ந்து ரூமுக்கு வரதுக்குள்ள விரல் மடங்காது, சாவியை ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் கதவைத் திறப்பேன். லேப்டாப்பை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஸ்வெட்டருக்குள்ள வெச்சுக்கிட்டுப் போயிருக்கேன். அப்ப இந்த மாதிரிக் கேட்க ஆள் கிடையாது. ஒரு குளிர்காலம் தாண்டினா எல்லாம் தானா பழகிடும்.

அம்பத்தூர்வாசி
தோசைக்கல் ப்ரோ, முதுகுல மாட்டுறதை முதல்ல நிறுத்துங்க. நம்ம ஊர் பால்காரர் கேரியர்ல ரெண்டு பக்கமும் கேன் தொங்கவிடுவாரே, அதேதான் இங்க ஃபீட்ஸ்தாஸ், அதாவது கேரியர்ல மாட்டுற சைக்கிள் பை. கொக்கி வெச்சது, வாயைச் சுருட்டி மூடுற மாதிரி இருக்கணும், அப்பதான் தண்ணி புகாது. ஆர்ட்லீப்னு ஒரு கம்பெனி, அவங்க பை ஒண்ணு 20 லிட்டர் கொள்ளும், ஒரு ஆளுக்குத் தாராளம். புதுசு விலை கொட்டும், மார்க்ட்பிளாட்ஸ்னு பழைய சாமான் விக்கிற சைட்ல பழசு பாருங்க. முதுகு காத்தாட இருந்தாலே பாதி வியர்வை போயிடும்.

செங்கல்ரோடு
இதை நான் ஒத்துக்க மாட்டேன். கேரியர்ல தொங்குற லேப்டாப் செங்கல் பாவின தெருவுல என்ன ஆகும்னு நினைக்கிறீங்க? எனக்கு ஒரு தடவை ஸ்க்ரீன் ஓரத்துல கீறல் விழுந்திருக்கு. முதுகுல இருந்தா உடம்பே ஸ்ப்ரிங். கடைக்குள்ள போனா பையும் கூட வரும். வியர்த்தா வியர்க்கட்டும், சட்டையை மாத்திக்க வேண்டியதுதானே.

அம்பத்தூர்வாசி
மாத்திக்க வெச்சிருந்த சட்டையிலதான் சாம்பார் கொட்டிச்சுன்னு அவர் சொல்றாரு. கேள்வியைப் படிங்க.

வடமராட்சி
தம்பி, நான் 1992ல வந்தனான். யாழ்ப்பாணத்தில பெட்ரோல் இல்லாத காலத்தில சைக்கிள்தான் எங்களுக்குக் கார், லொறி, எல்லாம். கரியரில விறகு கட்டுவம், அரிசி மூட்டை கட்டுவம், பின்னால அம்மாவையும் இருத்திக்கொண்டு போவம். ஒரு பை கொண்டுபோறதுக்கு ஏன் இவ்வளவு பதட்டப்படுறியள்? பழைய டியூபை நீளமா வெட்டி இறுக்கிக் கட்டினா அசையாது. இஞ்ச அதைத்தான் ஸ்னெல்பிண்டர் எண்டு காசுக்கு விக்கினம். ஆனா சுத்தி விடேக்க கொளுவி கையை விட்டுச் சுண்டினா முகத்தில அடிக்கும், கவனம்.

வாடகைவீடு
சாம்பார் எதுக்குங்க கொண்டுபோறீங்க? எங்க ஆபீஸ்ல எல்லாரும் ரெண்டு பிரெட், நடுவுல ஒரு சீஸ் துண்டு. பேப்பர்ல சுத்தினா கசியவும் கசியாது.

கறிவேப்பிலை
வருஷக்கணக்கா பிரெட்டும் சீஸும் தின்னு என் நாக்கு செத்துப்போச்சு. மைக்ரோவேவ்ல ரசத்தை வெச்சா ஒருத்தர் எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிறார். இந்தியக் கடையில கறிவேப்பிலை இத்தனூண்டு கவர், அதுல பாதி கறுத்துப்போனது.

வாடகைவீடு
கறிவேப்பிலையை விடுங்க, வீடு கிடைக்குதா? பதினேழு வீட்டுக்கு விண்ணப்பம் போட்டு ரெண்டு மட்டும் பார்க்கவிட்டாங்க. வீட்டு முகவரி இல்லாம கெமேன்தேல, அதான் நகராட்சி ஆபீஸ்ல, பதிவு கிடையாது, பதிவு இல்லாம எந்த வேலையும் நகராது.

பனிக்காலம்2011
எங்க காலத்துலயும் அதே கதைதான்.

ரெண்டுபூட்டு
இதுல சைக்கிள் வேற திருடுபோனா...

மழைக்கோட்டு
ஐயா எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. வியாழக்கிழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. தோசைக்கல், எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர்? பின்னாடி கேரியர் இருக்கா? ஆபீஸ்ல பூட்டி வைக்க லாக்கர் இருக்கா? ஓட்டும்போது மேல என்ன போட்டிருந்தீங்க?

தோசைக்கல்
ஐந்தோவன்லேர்ந்து வெல்ட்ஹோவன், ஏழு கிலோமீட்டர். அந்தத் தொங்குற வட்டப் பாலம் வழியா. லாக்கர் குடுத்திருக்காங்க, காலியா இருக்கு. மேல சென்னையில வாங்கின பனிக் கோட்டு, ஏர்போர்ட்ல போட்டுக்கிட்டு வந்ததுதான். பின்னாடி கேரியர் இருக்கு, ஆனா அதுல குழந்தை சீட் இருக்கு.

அம்பத்தூர்வாசி
இதை முதல்லயே சொல்லக்கூடாதா! குழந்தையை எங்க இறக்கிவிடுறீங்க? அந்த சீட்டுல கால் வைக்கிற இடம் கீழ வரைக்கும் தொங்கும், கேரியர்ல கொக்கிப் பை மாட்டவே முடியாது.

தோசைக்கல்
எனக்குக் கல்யாணமே ஆகலைங்க. பழைய சைக்கிள் வாங்கினப்பவே சீட்டோடதான் குடுத்தாங்க. கழட்டக்கூடாதோன்னு விட்டுட்டேன்.

கறிவேப்பிலை
காலி குழந்தை சீட்டைப் பின்னாடி வெச்சுக்கிட்டு, முதுகுல மூட்டையோட! பையையாவது அதுல உட்காரவெச்சு பெல்ட் போட்டிருக்கலாமே.

மழைக்கோட்டு
சிரிச்சது போதும். நான் அஞ்சு வருஷமா தினம் பதினோரு கிலோமீட்டர் போறேன், அதனால சொல்றேன்.

வியர்வைக்குப் பாதிக் காரணம் கோட்டு. அது நின்னுக்கிட்டு இருக்கிறவனுக்குத் தைச்சது. கிளம்பும்போது லேசா குளிரணும், அப்பதான் மூணாவது கிலோமீட்டர்ல சரியா இருக்கும். பனியன் மேல மெல்லிசா காத்துத் தடுக்கிற ஜாக்கெட் போதும். நீங்க சொன்ன வட்டப் பாலம், ஹோவன்ரிங், அதுல ஏறும்போது ஜிப்பை இறக்கிவிடுங்க. 2012ல அந்தப் பாலத்தைத் திறந்ததுலேர்ந்து அங்க சிக்னல்ல நிக்கிற வேலை இல்லை, அதனால நம்ம ஆளுங்க ஒரே மூச்சுல மிதிச்சு வேர்த்துக் கொட்டுறாங்க. மேற்குக் காத்து எதிர்ல அடிச்சா கியரைக் குறைங்க, பத்து நிமிஷம் முன்னாடி கிளம்புங்க. போனதும் உடனே சட்டை மாத்தாதீங்க. சைக்கிள் நிறுத்துற இடத்துலயே ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் நில்லுங்க. சூடு அடங்குறதுக்குள்ள மாத்தினா புதுச் சட்டையும் நனையும்.

துணியைத் தினம் சுமக்கவே வேண்டாம். நாளைக்கு ஒருநாள் பஸ்ல போங்க. ரெண்டு சட்டை, பேன்ட், பெல்ட், ஷூ, சின்ன டவல், இன்னொரு சார்ஜர் எல்லாத்தையும் லாக்கர்ல வெச்சுட்டு வாங்க. அப்புறம் வாரம் ஒருநாள் நல்லதைக் கொண்டுபோய், அழுக்கை எடுத்துட்டு வந்தா போதும். ஷூவும் சார்ஜரும் போனாலே பை பாதியா இளைக்கும். சட்டையை மடிக்காம சுருட்டுங்க. பட்டன் எல்லாம் போட்டு, நடுவுல டவலை வெச்சு, காலர் வெளிப்பக்கம் வர மாதிரி. என் கணவர் அப்படித்தான் கொண்டுபோறார், தோள்ல மட்டும் லேசா ஒரு கோடு விழும், போட்டு அரை மணியில போயிடும்.

பை வாங்குறதுக்கு முன்னாடி கேரியர் கம்பியோட தடிமனை ஸ்கேல் வெச்சு அளங்க. கொக்கிப் பைங்கள்ல நிறைய 16 மில்லிமீட்டர் வரைக்கும்தான் பிடிக்கும், இந்த ஊர் பழைய சைக்கிள்ல சிலது அதைவிடத் தடிமன். நான் அளக்காம வாங்கித் திருப்பிக் குடுத்திருக்கேன். பையை நல்லாப் பின்னாடி தள்ளி மாட்டுங்க, இல்லேன்னா மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் குதிகால் இடிக்கும். பின் விளக்கைப் பை மறைக்கக்கூடாது. மழைக்கு பாயன்ராடார்னு மழை எப்போ வரும்னு காட்டுற ஆப் பாருங்க, ஆனா ஓட்டிக்கிட்டே கையில போனை எடுத்தா அபராதம், 2019 ஜூலையிலேர்ந்து சட்டம் அப்படி.

செங்கல்ரோடு சொன்னதும் தப்பில்லை. லேப்டாப்பைப் பஞ்சு உறையில போட்டு, பையோட அடியில டவலையோ ஸ்வெட்டரையோ வெச்சு அதுக்கு மேல நிக்கவைங்க. சாம்பார் அந்தப் பைக்குள்ளயே போகக்கூடாது. திருகு மூடி டப்பா, அதைச் சுத்தி ஒரு கவர், தனியா ஒரு சின்னத் துணிப்பை. நான் அதை ஹேண்டில் முன்னாடி பெட்டியில நேரா நிக்கவெச்சுக் கொண்டுபோறேன்.

செங்கல்ரோடு
அடியில டவல் வெச்சா ஒத்துக்கிறேன்.

அம்பத்தூர்வாசி
இன்னொண்ணு. எச்.ஆர்.கிட்ட பயணப் படி கேளுங்க. 2024ல கிலோமீட்டருக்கு 23 சென்ட் வரைக்கும் வரி இல்லாம குடுக்கலாம்னு ஆச்சு, சைக்கிளுக்கும் உண்டு. கட்டாயம் கிடையாது, குடுக்கிறதும் குடுக்காததும் கம்பெனி இஷ்டம். கேட்காம இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய.

வடமராட்சி
அந்த மஞ்சள் கறையை வெயிலில காயப்போடும் தம்பி, வெளிறிப்போகும்.

கறிவேப்பிலை
வெயிலா? இந்த ஊர்லயா? எப்போ?

தோசைக்கல்
எல்லாருக்கும் நன்றி. லாக்கருக்கு மூட்டை கட்டி வெச்சாச்சு. கம்பி 14 மி.மீ. சீட்டையும் கழட்டிட்டேன், அடியில பாதி பிஸ்கட்டும் ஒரு குட்டி சாக்ஸும் கிடந்துச்சு. ஆனா எல்லாம் முடிஞ்சப்புறம் கையில ஒரு நட்டு மிச்சம் இருக்கு. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியலை.

ரெண்டுபூட்டு
ஓட்டுறதுக்கு முன்னாடி கேரியரை ஆட்டிப் பாருங்க. பிரேக்கையும்.