பொதுச்சுவரை ஒட்டிக் கட்ட சர்வேயர் மட்டும் போதுமா?

மூன்றாங்கட்டு:
காரைக்குடிக்குப் பக்கத்தில் ஐயா காலத்து வீடு. அப்பச்சியும் (என் அப்பா) பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது நடுச்சுவரைப் பத்திரத்தில் 'பொதுச்சுவர்' என்று எழுதிவிட்டார்கள். இப்போது என் பங்கில், அந்தச் சுவரை ஒட்டிக் கீழே ஒரு குளியலறையும் மேலே ஓர் அறையும் கட்டப்போகிறேன். ஆத்தாவால் பின்கட்டு வரை நடக்க முடியவில்லை. சென்னையில் இருக்கும் பெரியப்பா மகன், "சர்வேயரை வைத்து அளந்துவிட்டு அப்புறம் வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டு" என்கிறார். தாலுகா ஆபீஸில் பணம் கட்டினால் போதுமா? தனியாகவும் ஆள் வைக்க வேண்டுமா?

தாலுகாவாசல்:
தாராளமாகப் போதும். ஆன்லைனில் மனுப் போட்டுக் கட்டணம் கட்டுங்கள். பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போகும், அரசு நில அளவர் புலப்படத்தை (நில எல்லைகளைக் காட்டும் அரசு வரைபடம்) வைத்து அளந்து காட்டுவார். அந்த எல்லைக்கு மதிப்பு உண்டு. தனியார் ஆள் வரைந்து கொடுத்த தாளை எதிர்த்தரப்பு ஒரே வார்த்தையில் தள்ளிவிடும். எதற்கு இரட்டைச் செலவு?

சுண்ணாம்புக்காரை:
அண்ணே, அளப்பதெல்லாம் சரி. ஆனால் இவர் வீட்டில் எல்லையா தகராறு? பத்திரமே 'பொது' என்கிறதே. புலப்படம் பெரும்பாலும் 1:1000 அல்லது 1:2000 அளவில்தான் இருக்கும். நம்ம ஊர்ப் பழைய சுவர் இரண்டு அடி கனம் என்று வையுங்கள், சுமார் 60 சென்டிமீட்டர். 1:1000 படத்தில் அது 0.6 மில்லிமீட்டர். மொத்தச் சுவரும் ஒரு பென்சில் கோட்டுக்குள் அடங்கிவிடும். கோட்டை அளக்கத் தெரிந்தவருக்குச் சுவரைப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதில்லை.

பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதுதான் என் வேலை. இங்கே பயப்பட வேண்டியது பள்ளத்துக்கு. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவரில் கம்பி கிடையாது, தன் கனத்தால்தான் நிற்கிறது. அதன் அடிமட்டத்துக்குக் கீழே பக்கத்திலேயே ஜேசிபி வைத்து முழு நீளத்துக்கும் ஒரே நாளில் தோண்டினால், அடிமண் பக்கவாட்டில் நழுவும். நாலடி தோண்டிக் கட்டி முடித்து, இடைவெளி விட்டு அடுத்த நாலடி என்றுதான் போக வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு ஓரத்தில் சின்னக் குழி எடுத்து, பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு கட்டடப் பொறியாளர் வேண்டும். நில அளவர் இதற்கு வரமாட்டார்.

பள்ளத்தூர் ஆச்சி:
படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) போனால் ஒரே பந்தியில் உட்கார வேண்டிய பங்காளிகள். அளவர், பொறியாளர் என்று ஆள் ஆளாக இறக்கினால் சென்னையில் இருக்கும் அந்தத் தம்பி என்ன நினைப்பார்? போனில் பேசுங்கள். அவர் வந்து நின்று பார்க்கட்டும், மேஸ்திரியையும் கூப்பிடுங்கள். பேசித் தீராததைக் காகிதம் தீர்த்து நான் பார்த்ததில்லை.

லண்டன் பங்காளி:
நான் இருக்கும் ஊரில் இதற்கென்றே 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள், அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதானால் ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். 14 நாளில் அவர் சம்மதிக்காவிட்டால் இருவரும் சேர்ந்து ஒரு சர்வேயரை வைக்கலாம், அல்லது ஆளுக்கு ஒருவர். ஆளுக்கு ஒருவர் என்றால் அந்த இருவரும் மூன்றாமவரைத் தேர்ந்துவைப்பார்கள். செலவு பெரும்பாலும் கட்டுகிறவர் தலையில். அந்த சர்வேயர் நிலத்தை அளக்க வருவதில்லை. வேலைக்கு முன் சுவர் எப்படி இருந்தது என்று படத்தோடு பதிவு செய்வார்.

தாலுகாவாசல்:
லண்டன் சட்டம் லண்டனில் இருக்கட்டும். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. நோட்டீஸ் கொடுக்காவிட்டால் யார் கேட்பார்கள்?

சுண்ணாம்புக்காரை:
கோர்ட் கேட்கும். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இங்கே இருக்கிறது. இருபது வருடம் தடையில்லாமல், உரிமையாகப் பக்கத்து மண்ணின் தாங்கலில் ஒரு கட்டடம் நின்றிருந்தால், அந்தத் தாங்கலுக்கு உரிமை கேட்கலாம். பாகம் பிரித்து எத்தனை வருடம் என்று மூன்றாங்கட்டு சொல்லட்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:
பார்த்தீர்களா, அதற்குள் கோர்ட்! தம்பி, இவர் காசு கொடுத்து வைக்கும் ஆள் இவருக்குச் சாதகமாகத்தானே எழுதுவான்? அந்தப் பக்கத்துக்காரர் நம்புவாரா? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கொழுந்தனார் பக்கம் வேலை நடந்தது, நம்ம பட்டாலை (கூடம்) சுவரில் விரிசல் விழுந்தது. அவர் வைத்த பொறியாளர் வந்து "இது பழைய விரிசல்" என்று எழுதிக் கொடுத்தார். பழையதா புதியதா என்று எனக்குத் தெரியாதா? ஆனால் காட்ட ஒரு போட்டோகூட இல்லை.

சுண்ணாம்புக்காரை:
ஆச்சி, நீங்கள் என் பக்கம் பேசுகிறீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
உன் பக்கமும் இல்லை, அவர் பக்கமும் இல்லை. போட்டோ எடுக்கட்டும், ஆனால் அந்தத் தம்பியும் கூட நிற்க வேண்டும். ஆளையும் இரண்டு பேரும் சேர்ந்தே பார்க்கட்டும்.

சுண்ணாம்புக்காரை:
ஒத்துக்கொள்கிறேன். பழைய விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லை ஒட்டித் தேதி எழுதிவையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அதற்கு யாருடைய சர்டிபிகேட்டும் வேண்டாம். குளியலறைக் குழாயைச் சுவருக்குள் புதைக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசி ஈரத்தை உள்ளே அடைத்தாலும் பிரச்சனைதான். ஐப்பசி மழைக்கு முன் பள்ளத்தை மூடிவிடுங்கள்.

மூன்றாங்கட்டு:
பாகம் பிரித்து நாற்பது வருடத்துக்கு மேல். நேற்று அண்ணனுக்கு, அதுதான் பெரியப்பா மகனுக்கு, போன் போட்டேன். "பொறியாளரை வை, ஆனால் ஆளை நான் சொல்வேன்" என்கிறார். காசு யார் கொடுப்பது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஊருக்கு வருகிறாராம்.

தாலுகாவாசல்:
எல்லாம் சரி. அளவைக்கு மனுப் போட்டீர்களா இல்லையா?