கண் ஆய்வில் சேர்ந்தவர்கள், சேர மறுத்தவர்கள்: கடலூர், புதுச்சேரிப் பக்கத்து அனுபவங்கள்

தட்டாஞ்சாவடி வாசி:

கண் ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டுப் பிரித்ததும் "நல்லா தெரியுது" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு மாதம் கழித்து, மூன்று மாதம் கழித்து அந்தக் கண் எப்படி இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டு, அளந்து, எழுதி வைத்தால்தான் அந்தச் சிகிச்சை நல்லதா என்று அடுத்து வருகிறவருக்குச் சொல்ல முடியும். அப்படி எழுதி வைக்கிற வேலையை நான் சில வருஷம் புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனையில் பார்த்தேன். ஸ்டடி கோஆர்டினேட்டர் என்பார்கள். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டுவது, ஃபைல் போடுவது, தேதி வந்ததும் போன் பண்ணி வரவழைப்பது, வராதவர்களைத் தேடுவது. டாக்டர் செய்கிற வேலை இல்லை. ஆனால் இது சரியாக நடக்காவிட்டால் டாக்டர் செய்ததற்கே கணக்கு இல்லாமல் போய்விடும்.

அறுவடைக் காலத்தில் கருவிழிப் புண்ணோடு, அதாவது கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற படலத்தில் புண்ணோடு, வருகிறவர்கள் கூடுவார்கள். நெல் தெறித்திருக்கும், கரும்புத் தோகை கிழித்திருக்கும், சவுக்கு மிலாறு குத்தியிருக்கும். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவை மறக்க முடியவில்லை. தோகை பட்ட அன்று விளக்கெண்ணெய் விட்டிருக்கிறார். உறுத்தல் நிற்கவில்லை. மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் ஸ்டீராய்டு இருந்தது, சிவப்பை அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. இரண்டு நாள் சிவப்பு குறைந்தது, அதற்குள் பூஞ்சை உள்ளே இறங்கிவிட்டது. எங்களிடம் வந்தபோது கருவிழியில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. புண்ணை லேசாகச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்ததில் பூஞ்சை இழைகள் தெரிந்தன.

அப்போது நடந்த ஒரு ஆய்வு, வழக்கமான மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்துக் கொடுத்தால் பலன் உண்டா என்பது. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில்தான் முடிவாகும் என்று விளக்கினேன். அந்த அம்மா கேட்டார்: "எனக்கு எது நல்லதோ அதைக் குடும்மா. சீட்டு குலுக்கியா கண்ணுக்கு வைத்தியம் பார்ப்பாங்க?" டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்: "எது நல்லதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்களுக்கு அதையேதான் கொடுப்பேன். உலகத்துல யாருக்கும் இன்னும் தெரியல. அதனாலதான் குலுக்குறோம்." அந்த அம்மா யோசித்துவிட்டு, மகன் வரட்டும் என்றார். மகன் வந்த பிறகுதான் கைநாட்டு. படிக்கத் தெரியாதவர் என்றால் மருத்துவமனையோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சிக்கு இருந்தாக வேண்டும்.

அவர் கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி என்பதற்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டாமைசின் என்ற சொட்டு மருந்து பல பத்து வருஷமாக இருக்கிறது. வெள்ளையாக, பால் போல இருக்கும், குலுக்கித்தான் விட வேண்டும், இமையோரத்தில் மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிறகு வோரிகோனசோல் வந்தது. புதியது, விலை அதிகம், கண்ணுக்குள் நன்றாக ஊடுருவக்கூடியது. அதுதான் மேல் என்று பல டாக்டர்கள் நினைத்தார்கள். 2010 முதல் தென்னிந்தியாவில் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரைச் சேர்த்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். புதுச்சேரியும் அந்த ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று. எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்வையை அளப்பவருக்கும் தெரியாது. 2013-ல் முடிவு வந்தது. பழைய நாட்டாமைசின்தான் ஜெயித்தது. ஃப்யூசேரியம் என்ற பூஞ்சையால் வந்த புண்ணில் வித்தியாசம் பெரிதாக இருந்தது. வோரிகோனசோல் போட்டவர்களில் கருவிழி ஓட்டையாவதும், மாற்றுக் கருவிழி வைக்க வேண்டி வருவதும் கூடுதல். டாக்டர்களின் அனுமானத்தை மட்டும் நம்பியிருந்தால் விவசாயக் கூலிகள் கூடுதல் காசு கொடுத்துக் குறைந்த பலனை வாங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் மனது நிறைகிறது. அந்த 323 பேரில் பலர் வயலில் நிற்கிறவர்கள்.

பூஞ்சைப் புண் ஆறினாலும் தழும்பு நின்றுவிடும், "கண்ணுல பூ விழுந்துருச்சு" என்பார்கள். பண்ருட்டி அம்மாவுக்கும் பூ நின்றுவிட்டது. ஆனால் விரலை எண்ணுகிற அளவில் வந்தவர், கடைசியில் சொன்ன தேதிக்கு வந்தபோது போர்டில் சில வரி படித்தார்.

தானே புயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. கரன்ட் இல்லை, போன் இல்லை, சாலையெல்லாம் மரம். எங்கள் நோட்டில் அந்த வாரம் வர வேண்டியவர்கள் பெயர் வரிசையாக இருந்தது. மணிக்கொரு தரம் சொட்டு விட வேண்டிய கண்கள். மருந்து தீர்ந்திருக்குமே என்றுதான் முதல் கவலை, ஆய்வு அப்புறம். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பெரியவர், மகனின் டூவீலரில், விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் மருந்துப் புட்டி, கூடவே நாங்கள் கொடுத்த அட்டை. புயல் அடித்த ராத்திரியிலும் சொட்டு விட்டதற்குக் கோடு போட்டிருந்தார். "முந்திரித் தோப்பு அத்தனையும் சாஞ்சுடுச்சும்மா. கண்ணாவது நிக்கட்டும்னு வந்தேன்" என்றார். வராதவர்களுக்குப் பஞ்சாயத்துத் தலைவர் வழியாகவும், அந்தந்த ஊரிலிருந்து வந்த மற்ற நோயாளிகள் வழியாகவும் சொல்லி அனுப்பினோம். சிலர் வந்தார்கள். சிலரைக் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

வராமல் போனவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் என்ன ஆகும்? கண் நன்றாக ஆனவர்கள் "இனி எதுக்கு பஸ் காசு" என்று நின்றுவிட்டால் சிகிச்சை மோசமாகத் தெரியும். பார்வை போனவர்கள் வெறுத்துப் போய் நின்றுவிட்டால் சிகிச்சை அருமையாகத் தெரியும். இரண்டுமே பொய்க் கணக்கு. ஆய்வில் இல்லாத சாதாரண ஆபரேஷனுக்கும் இதுவேதான்.

உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள். நல்லதும் கெட்டதும் வரட்டும். ஆஸ்பத்திரி பெயர், டாக்டர் பெயர் வேண்டாம்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாக முத்தி வெள்ளையாகிவிட்டது. பள்ளியில் கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் "லேசர் ஆபரேஷன்தான் பண்ணிக்கணும், மற்றது பழசு" என்றார்கள். நான் டாக்டரிடம் அப்படியே கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஊரில் லேசர் என்று சொல்வது பெரும்பாலும் பேக்கோ. அதில் லேசர் கிடையாது, அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சுகிறார்கள். இன்னொன்று, சின்னதாகக் கீறிக் கையாலேயே புரையை வெளியே எடுப்பது. அதற்கும் தையல் இல்லை. இரண்டிலும் உள்ளே லென்ஸ் வைக்கிறார்கள்.

முத்திய வெள்ளைப் புரைக்கு எது நல்லது என்று புதுச்சேரி அரவிந்திலேயே ஒரு ஆய்வு நடந்து 2010-ல் வெளிவந்திருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார். 270 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில் ஆறு வாரம் கழித்துப் பார்வையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கையால் செய்வதற்கு நேரம் குறைவாகத்தான் ஆனது. அதைக் கேட்ட பிறகு எனக்குத் தெளிவாகிவிட்டது. வலது கண்ணுக்குக் கையால் செய்வதே போதும் என்று முடிவெடுத்தேன்.

ஆனால் நான் எழுத வந்தது கண்ணாடியைப் பற்றி. என்னோடு அன்றைக்கு ஆபரேஷன் பண்ணிக்கொண்ட நாலைந்து பேரோடு பழக்கம் ஆகிவிட்டது. ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி பவர் பார்க்க வரச் சொன்னார்கள். தேவனாம்பட்டினத்து அக்கா ஒருவர் வரவில்லை. போன் பண்ணினால், "மீன் நல்லா தெரியுது டீச்சர், எனக்கு இன்னா படிக்க வேண்டியிருக்கு?" என்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு காயம் ஆறும்போது கருவிழி வளைவு சீராக இல்லாமல் கொஞ்சம் சிலிண்டர் பவர் வரலாம். அதற்குக் கண்ணாடி போட்டால் இன்னும் இரண்டு வரி கூடத் தெரியும். நான் அவரை விடவில்லை. அடுத்த வாரம் நானே கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி போட்டதும் வாசலில் நின்ற பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

தட்டாஞ்சாவடி வாசி:

டீச்சர், நீங்கள் செய்தது பெரிய காரியம். உலகச் சுகாதார நிறுவனம் புரை ஆபரேஷனுக்கு நெடுங்காலம் ஒரு அளவுகோல் வைத்திருந்தது. ஆபரேஷன் ஆனவர்களில் 80 சதவீதமாவது, கையில் உள்ள கண்ணாடியோடு, 6/18 அல்லது அதற்கு மேல் படிக்க வேண்டும். 6/60-க்கும் கீழே நின்றுவிடுகிறவர்கள் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 6/18 என்றால், நல்ல கண் உள்ளவர் 18 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டரில் நின்று படிக்கிறார். கவனியுங்கள், கையில் உள்ள கண்ணாடியோடு. ஆபரேஷன் எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாலும், அந்த அக்கா கண்ணாடி வாங்காமல் இருந்தால் கணக்கில் அவர் குறைவாகத்தான் வருவார். வாழ்க்கையிலும் அப்படியேதான்.

நெல்லிக்குப்பத்துக்காரன்:

எங்கள் அப்பாவுக்கு நல்லபடி அமையவில்லை. சர்க்கரை உள்ளவர். புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் வலி. கண் சிவந்து, முந்தின நாள் தெரிந்ததுகூட மங்கலாகிவிட்டது. ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் பண்ணினால், "ரெண்டு நாள் பாருங்க, சொட்டு மருந்தை விடாம போடுங்க" என்று யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா பார்த்துவிட்டு, "இப்பவே கிளம்பு" என்று திட்டியதால் ராத்திரியே வேறு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். கண்ணுக்குள் கிருமி என்றார்கள். அன்றைக்கே கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். பார்வை பாதிதான் திரும்பியது.

அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தப் போனில் பேசியவர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. இதைத் தடுக்க வழி இருந்ததா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தட்டாஞ்சாவடி வாசி:

அண்ணே, உங்கள் கோபம் நியாயம். ஆபரேஷனுக்குப் பிறகு வலி கூடுவது, சிவப்பு கூடுவது, பார்வை குறைவது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். அதைத்தான் அந்தப் போனில் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கிருமித் தொற்று அரிது. ஆனால் வந்தால் கண்ணே போகும். ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள்ளேயே மாக்சிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொஞ்சம் செலுத்தினால் தொற்று குறையுமா என்று அரவிந்த் மருத்துவமனைகளின் பதிவேடுகளிலிருந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களின் கணக்கை எடுத்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். செலுத்தாதவர்களில் 0.07 சதவீதம், செலுத்தியவர்களில் 0.02 சதவீதம். அதாவது பத்தாயிரம் பேரில் ஏழு பேருக்கு வந்தது இரண்டு பேருக்குக் குறைந்தது. இது குலுக்கல் முறை ஆய்வு இல்லை, பதிவேட்டுக் கணக்கு. ஐரோப்பாவில் செஃப்யுராக்சிம் என்ற வேறு மருந்தை வைத்துக் குலுக்கல் முறையிலேயே செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே திசையில்தான் முடிவு வந்தது. பத்தாயிரத்தில் ஏழு என்பது சின்ன எண்தான், ஆனால் அந்த ஏழில் ஒருவர் உங்கள் அப்பா. இவ்வளவு அரிதான ஒன்றை நூறு பேரையோ ஆயிரம் பேரையோ வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. லட்சக்கணக்கான பேரின் விவரத்தை விடாமல் எழுதி வைத்ததால்தான் தெரிந்தது.

அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன் வரும்போது அந்த மருந்து செலுத்துவார்களா என்று நேராகக் கேளுங்கள். சர்க்கரை அளவையும் முன்கூட்டியே கட்டுக்குள் கொண்டு வந்துவிடுங்கள்.

பாகூர் பேத்தி:

எங்கள் ஆயாவை ஒரு கண் ஆய்வில் சேரக் கேட்டார்கள். ஆயா முடியாது என்றுவிட்டார். "என் கண்ணை வெச்சு யாரும் பரீட்சை எழுத வேணாம்." எனக்குப் பயம், இனி சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. அதே டாக்டர், அதே வரிசை, வழக்கமான மருந்து. கேட்ட பெண்ணும் முகம் கோணவில்லை, "சரி ஆயா, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார். ஆயாவுக்குக் கண் நன்றாக ஆகிவிட்டது.

வில்லியனூரிலிருந்து:

எங்களுக்கு நேர்மாறு. அம்மாவுக்குக் கண்ணழுத்தம். இரண்டு சொட்டு மருந்தை ஒப்பிடும் ஆய்வு என்றார்கள். படிவம் தமிழில்தான் இருந்தது, ஆனால் வேகமாகப் படித்து முடித்துவிட்டார்கள், ஒரு வார்த்தை அம்மாவுக்குப் புரியவில்லை. "டாக்டர் சொன்னா சரிதான், எங்க போடணும்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிரதி தரவில்லை. வீட்டுக்கு வந்து, எத்தனை தடவை போகணும், பஸ் செலவு யார் தருவார்கள், நடுவில் நிறுத்தலாமா என்று நான் கேட்டால் அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. மருந்தில் குறை சொல்ல மாட்டேன், அழுத்தம் குறைந்திருக்கிறது. சேர்த்த விதம்தான் தப்பு.

தட்டாஞ்சாவடி வாசி:

தப்புதான். படிவத்தின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். இப்போதும் கேட்டு வாங்கலாம். அதில் ஆய்வை நடத்தும் டாக்டரின் எண்ணும், ஆய்வைச் சரிபார்த்து அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவின் எண்ணும் இருக்கும். குழுவுக்கு நீங்களே போன் பண்ணலாம், அதற்காகத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். அம்மா காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சிகிச்சை நிற்காது. ஆய்வினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ல் வந்த மருந்து ஆய்வு விதிகளில் இருக்கிறது.

இன்னொன்று. இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்ய 2007 முதல் மத்திய அரசின் பதிவேடு இருக்கிறது, 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். சி.டி.ஆர்.ஐ. எண் என்பார்கள். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் போட்டால், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை அளக்கிறார்கள், எந்தக் குழு அனுமதி கொடுத்தது என்பதெல்லாம் வரும். இலவசம்தான். ஆங்கிலத்தில் இருக்கும், எண்ணை இங்கே போடுங்கள், ராத்திரி உட்கார்ந்து தமிழில் எழுதித் தருகிறேன். அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டிவிட்டு, தொடர்வதா வேண்டாமா என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.