பெர்மியபிள் பேவிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வணிக வளாகத்தின் முற்றத்துக்கு வேலைக்குறிப்பு எழுதுகிறோம். வெள்ளிக்கிழமை மேஸ்திரி கைக்குப் போக வேண்டும். மழைநீர் கல்லிடுக்கு வழியே மண்ணுக்குள் போகும் தளம் இது. 'நீர்புகு தளம்' சரிதானா?

*

வேண்டாம் ஐயா. அதே வரைபடத்தில் நிலவறைக் கார் நிறுத்தத்தின் கூரைக்கு 'நீர்புகாப் படலம்' வரும். புகு, புகா: அவசரத்தில் ஒன்று மற்றொன்றாகும். 'பொசிதளம்' என்பேன். மூதுரையில் வாய்க்கால் நீர் புல்லுக்கும் பொசிகிறதே! வினைத்தொகை என்பதால் ஒற்றும் மிகாது.

*

பொசிதல் மெல்லக் கசிவது. ஐப்பசி அடைமழைக்கு அது போதாது. அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி, அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி, பிறகு 50 மி.மீ. கனத்துக்குக் கால் அங்குல ஜல்லி, அதன்மேல் கல். ஆள் நடக்க 60 மி.மீ. கல் போதும்; வண்டி வரும் வழிக்கு 80. மணலோ எம்-சாண்டோ போட்டால் நுண்தூள் இறங்கி அடைத்துக்கொள்ளும். இடுக்கிலும் பொடிஜல்லிதான். பழக்கத்தில் சிமென்ட் பால் ஊற்றிவிட்டால் மொத்த வேலையும் வீண். சொல்லைக் கேட்டதுமே தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்: 'நீரிறங்கு தளம்'.

*

'தளம்' தமிழ்தானா என்ற ஐயம் எனக்குண்டு. கல் பாவுதல் என்று இன்றும் சொல்கிறோம். ஆங்கில 'பேவ்' இதிலிருந்தே போயிருக்கும். 'நீரிறங்கு பாவு' எனலாமே?

*

அம்மா, 'பேவ்' லத்தீன் 'பவீரே'யின் வழி வந்தது. இடித்து இறுக்குதல் என்று பொருள். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். நெசவிலோ பாவு என்றால் நீள இழை. தளம் போட வருபவரிடம் தளம் என்றே சொல்வோம்.

இதைவிட முக்கியமானது நிலத்தடி நீர்மட்டம். கடலோரப் பகுதி இது. மழைக்கால நீர்மட்டத்துக்கு மேல் 600 மி.மீ.யாவது விட்டு ஜல்லிப் படுகை நிற்க வேண்டும். இல்லையேல் துளைக்குழாய் பதித்து வடிகாலுக்கு விட வேண்டும். கார் நிறுத்தத்தின் மேலேயும் அப்படித்தான். நீர் மண்ணுக்குள் போனாலும் குழாய்க்குள் போனாலும் 'இறங்கு' பொருந்தும்.

*

சரி, 'நீரிறங்கு தளம்' என்றே அனுப்புகிறேன். 'இடுக்கில் சிமென்ட் கூடாது' என்று பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போடுகிறேன்.

*

அனுப்புங்கள் ஐயா. ஆனால் பூவரசு, புங்கை நடும் குழிகளைச் சுற்றி நீர் வேருக்கு மெல்லத்தான் போக வேண்டும். அந்தப் பகுதிக்காவது 'பொசிதளம்' இருக்கட்டும். நான் விடுவதாயில்லை.