விலை கண்காணிப்பு மென்பொருள்: திரையில் தெரிந்த விலையும் வாடிக்கையாளர் கொடுத்த விலையும்

கோவை, சமையலறைக் கருவிகள் தயாரிப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மிக்ஸியும் கிரைண்டரும் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் சரக்கு முழுவதும் பிறர் வழியாகவே விற்பனையாகிறது. மாவட்ட விநியோகஸ்தர்கள், அவர்களிடம் வாங்கும் டீலர்கள், வீட்டு உபயோகப் பொருள் விற்கும் பெரிய கடைகள், அமேசானிலும் ஃபிளிப்கார்ட்டிலும் எங்கள் பொருளைப் பட்டியலிடும் விற்பனையாளர்கள் என்று பல கைகள் மாறித்தான் அது வீட்டுக்குப் போகிறது. கடைசி விலையைப் போடுவது நாங்கள் அல்ல. "போட்டி நிறுவனத்தின் 750 வாட் மிக்ஸி இணையத்தில் நானூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது, உங்கள் பொருளை நான் எப்படி விற்பது?" என்று டீலர் ஒருவர் தொலைபேசியில் கேட்ட பிறகே பல நேரங்களில் சந்தையின் நிலவரம் எங்களுக்குத் தெரியவந்தது. அந்த நிலையை மாற்றவே, போட்டியாளர்களின் விலையைக் கண்காணிக்கும் மென்பொருள் ஒன்றைத் தேடத் தொடங்கினோம்.

மூன்று நிறுவனங்கள் டெமோ காட்டின. மூன்றிலும் வண்ண வரைபடங்கள் அழகாக இருந்தன, மூன்றும் ஏறத்தாழ ஒரே வாக்குறுதியைத் தந்தன. அவர்கள் தேர்ந்தெடுத்த பொருட்களை அவர்களே திரையில் காட்டும்போது எதுவும் தவறாகப் போவதில்லை என்பதைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன். அதன் பின், எங்களுடைய 40 மாடல்களையும் அவற்றுக்கு நேர் போட்டியான மாடல்களையும் நாங்களே பட்டியலிட்டுக் கொடுத்து, இரண்டு வாரச் சோதனை கேட்டோம். அந்த இரண்டு வாரமும் அலுவலகத்தில் இருவர் ஒவ்வொரு நாளும் காலை பதினொரு மணிக்குக் கைபேசியில் அதே பொருட்களைத் தேடி, கண்ணில் பட்ட விலையை எக்செல் தாளில் எழுதி வந்தார்கள். தேர்வை முடிவு செய்தது அந்தத் தாள்தான்.

முதலில் அம்பலமானது பொருளை அடையாளம் காண்பதில் இருந்த கோளாறு. ஒரே பெயரில், ஒரே நிறத்தில், மூன்று ஜார் கொண்ட மிக்ஸியும் நான்கு ஜார் கொண்ட மிக்ஸியும் சந்தையில் உண்டு. ஒரு மென்பொருள் எங்கள் நான்கு ஜார் மாடலைப் போட்டியாளரின் மூன்று ஜார் மாடலோடு இணைத்து, நாங்கள் விலை கூடுதலாக வைத்திருப்பதாக நாள்தோறும் எச்சரித்தது. இந்தியப் பொருட்களின் பட்டைக்குறியீடு 890 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணாகப் பெட்டியில் அச்சாகியிருந்தாலும், இணையப் பக்கத்தில் வாடிக்கையாளர் கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே மென்பொருள் தலைப்பையும் படத்தையும் வைத்தே பொருத்தம் பார்க்கிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில பெரிய கடைகள் தங்களுக்கென்று தனி மாடல் எண் கேட்டு வாங்குகின்றன. உள்ளே இருப்பது அதே மோட்டார், அதே ஜார், ஆனால் எண் மட்டும் வேறு. நாமே எடுத்துச் சொல்லாமல் எந்த மென்பொருளுக்கும் அது தெரிய வழியில்லை. பொருத்தத்தை மனிதர் ஒருவர் சரிபார்த்து உறுதிசெய்கிறாரா, தவறு என்று நாங்கள் சுட்டிக்காட்டினால் எத்தனை மணி நேரத்தில் திருத்துவார்கள் என்பதையே நான் முதல் கேள்வியாகக் கேட்பேன்.

அடுத்தது பின்கோடு. ஒருநாள் மாலை ஒரே மிக்ஸியை 641001, 625001, 600017 என்று கோவை, மதுரை, தியாகராய நகர் முகவரிகளுக்கு மாற்றி மாற்றிப் பார்த்தோம். மூன்று இடங்களிலும் பக்கத்தில் முதலாவதாகக் காட்டப்பட்ட விற்பனையாளர் வேறு, விலையும் வேறு, மதுரைக்கு அன்று சரக்கே இல்லை. சோதித்த மென்பொருள்களில் ஒன்று பெங்களூரு பின்கோடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதையே இந்தியா முழுமைக்குமான விலையாகக் காட்டிக்கொண்டிருந்தது. கூப்பனும் வங்கி அட்டைச் சலுகையும் கழிந்த பிறகு வாடிக்கையாளர் உண்மையில் கொடுக்கும் தொகை என்ன என்பதைத் தனிப் பத்தியில் தந்தது ஒரே ஒரு மென்பொருள்.

என்னை மிகவும் வருத்தியது மூன்றாவது குறை. ஓர் இணையதளம் மென்பொருளின் தானியங்கித் தேடலைத் தடுத்துவிட்டது. தடுத்தது பிழையல்ல, எங்கும் நடப்பதுதான். ஆனால் அந்த மென்பொருள் "விலை கிடைக்கவில்லை" என்று சொல்லாமல், நான்கு நாட்களுக்கு முந்தைய விலையின் மேல் அன்றைய தேதியைப் போட்டுக் காட்டியது. எங்கள் தாளில் போட்டியாளரின் விலை இருமுறை மாறியிருக்க, திரையில் ஒரே நேர்க்கோடு ஓடிக்கொண்டிருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத கருவியை நம்பி ஒரு தள்ளுபடித் திட்டத்தை எப்படி அறிவிக்க முடியும்? அந்த நிறுவனத்தை அன்றே விலக்கினோம்.

பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் எனக்கும் உதவியாக இருக்கும்.

மதுரை, ஏசி விநியோகம்

தங்கள் பதிவுக்கு நன்றி ஐயா. வரி மாற்றத்தின்போது நாங்கள் பட்ட பாட்டையும் இங்கே பதிவு செய்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 30,000 ரூபாய் விலையுள்ள ஏசி, 38,400 ரூபாயிலிருந்து 35,400 ரூபாய்க்கு இறங்கியது. அன்று காலை எங்கள் மென்பொருள் எல்லா போட்டியாளர்களும் விலையை வெட்டிவிட்டதாகச் சிவப்பு எச்சரிக்கைகளை வரிசையாக அனுப்பியது. புதிதாகச் சேர்ந்திருந்த எங்கள் விற்பனை அலுவலர் அதை உண்மையான விலைப்போர் என்று எண்ணி, டீலர்களுக்குக் கூடுதல் மார்ஜின் தர வேண்டும் என்று மேலிடத்துக்குக் கடிதமே எழுதிவிட்டார். வரி நீக்கிய விலையைத் தனியாகக் கணக்கிடும் வசதியும், ஒரு தேதிக்கு எதிரே குறிப்பு எழுதி வைக்கும் வசதியும் இருந்திருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது. டெமோவில் இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

சென்னை, நுகர்பொருள் நிறுவனத்தின் சட்டப் பிரிவு

போட்டியாளரின் விலையைப் பார்க்க வாங்கும் மென்பொருள், சில வாரங்களுக்குள் நம் சொந்த டீலர்களின் விலையைப் பார்க்கும் கருவியாக மாறிவிடுகிறது. எங்கள் நிறுவனத்தில் அதுவே நடந்தது. எங்கள் ஷாம்பூவைக் குறைத்து விற்ற ஒரு டீலருக்கு, விலையை ஏற்றும்படி கேட்கும் கடிதத்தை, ஸ்கிரீன்ஷாட்டும் நேரமுத்திரையும் இணைத்து, விற்பனைப் பிரிவில் ஒருவர் தயார் செய்திருந்தார். அனுப்பும் முன் தற்செயலாக என் பார்வைக்கு வந்ததால் தடுத்து நிறுத்தினேன்.

தடுத்ததற்குக் காரணம் உண்டு. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டம், ஆனால் அதற்குக் கீழே எவ்வளவுக்கு விற்பது என்பது கடைக்காரரின் உரிமை. டீலர் எந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று தயாரிப்பாளர் கட்டுப்படுத்தும், அதாவது மறுவிற்பனை விலையை நிலைநிறுத்தும் ஏற்பாடு சந்தைப் போட்டிக்குக் கணிசமான பாதகம் விளைவித்தால், போட்டிச் சட்டம் 2002-இன் 3(4) பிரிவு அதைத் தடைசெய்கிறது. 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகிக்கு இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது டீலர்களின் தள்ளுபடிக்குக் கட்டுப்பாடு வைத்ததற்காகத்தான். வாடிக்கையாளர் போல முகவர்களை ஷோரூமுக்கு அனுப்பித் தள்ளுபடி தருகிறார்களா என்று கண்காணித்ததும், அந்த அறிக்கையின் அடிப்படையில் டீலரிடம் விளக்கம் கேட்டு அபராதம் வசூலித்ததும் ஆணையத்தின் உத்தரவில் விரிவாக உள்ளன. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. அதற்கு முன் 2017-இல் ஹூண்டாய்க்கு விதித்த 87 கோடி ரூபாய் அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018-இல் ரத்து செய்ததையும் சொல்ல வேண்டும். தீர்ப்பு எப்படி முடிந்தாலும், அந்த வழக்கு வரும் நிலைக்கு நாம் போக வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் 2018 ஜூலையில் ஆசுஸ், டெனான் அண்ட் மரான்ட்ஸ், பிலிப்ஸ், பயனியர் ஆகிய நான்கு நிறுவனங்களுக்கு மொத்தம் 11 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விழுந்தது. இணையக் கடைகளின் விலையை மென்பொருளால் கண்காணித்து, விலையைக் குறைத்தவரிடம் உடனடியாகத் தலையிட்டார்கள் என்பதை ஐரோப்பிய ஆணையம் குறிப்பாகச் சுட்டிக்காட்டியது. அமெரிக்காவில் விளம்பர விலைக்கு அடிமட்டம் வைக்கும் கொள்கை பரவலாக உள்ளதால், அங்கே உருவான பல மென்பொருள்களில் விலை குறைத்தவருக்குத் தானாகவே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும் வசதி உள்ளது. இந்தியாவில் அதை வழக்கறிஞரைக் கேட்காமல் யாரும் இயக்க வேண்டாம் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மென்பொருளில் அந்தப் பொத்தானையே முடக்கச் சொல்லிவிட்டோம். டீலர்களின் விலையைப் பார்க்கும் உரிமையையும் இருவருக்கு மட்டும் கொடுத்திருக்கிறோம்.

திருநெல்வேலி, களப் பணி

இணைய விலை மட்டுமே சந்தை விலை என்று தலைமை அலுவலகம் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஆடித் தள்ளுபடியின்போது எந்த மென்பொருளுக்கும் எங்கள் பகுதி தெரிவதில்லை. விலை அட்டையில் 4,990 என்று எழுதியிருக்கும் கிரைண்டர், குடும்பத்தோடு வந்து நின்று பேசிய பிறகு 4,500-க்குப் பில் ஆகிறது, கூடவே ஒரு தவாவும் போகிறது. அந்தத் தவாவின் மதிப்பை எந்தப் பத்தியில் எழுதுவது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் கடையில் எடுக்கும் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், அவை அங்கேயே புதைந்துவிடுகின்றன. கடை விலையைக் களப் பணியாளரே கைபேசியில் பதிவு செய்து, இணைய விலையின் அருகிலேயே பார்க்கும் வழி இருக்கிறதா என்று தேர்ந்தெடுப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள்.

கோவை, சமையலறைக் கருவிகள் தயாரிப்பு

பதிலளித்த மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சட்டப் பிரிவு அம்மையாரின் பதிவை எங்கள் இயக்குநரிடம் அச்செடுத்துக் கொடுத்தேன். திருநெல்வேலி நண்பர் கேட்ட வசதி, நாங்கள் தேர்ந்தெடுத்த மென்பொருளில் எக்செல் கோப்பை ஏற்றும் வழியாக ஓரளவுக்கு உள்ளது. இலவசமாகத் தரும் பொருளுக்குத் தனிப் பத்தி ஒன்றை இந்த ஆடிக்கு முன்பே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பொருள், இணையதளம், ஒரு நாளில் எத்தனை முறை பார்ப்பது ஆகிய மூன்றையும் பெருக்கியே அவர்கள் கட்டணம் கணக்கிடுகிறார்கள் என்பதால், எல்லா மாடல்களுக்கும் நாளுக்கு ஒருமுறை என்றும், அதிகம் விற்கும் எட்டு மாடல்களுக்கு மட்டும் நான்கு முறை என்றும் பிரித்துக்கொண்டோம். மூன்று மாத ஒப்பந்தம்தான் போட்டிருக்கிறோம், விலகினால் அதுவரையிலான விலைப் பதிவுகள் அனைத்தையும் எங்களிடம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. திங்கட்கிழமை தோறும் இருபது பொருட்களைக் கையால் சரிபார்க்கும் வழக்கம் மட்டும் தொடர்கிறது. இந்த வாரம் இரண்டு பிழைகள் கிடைத்தன. ஒன்று, சரக்கு தீர்ந்த பக்கத்தின் விலை. மற்றொன்று மீண்டும் அதே மூன்று ஜார் மிக்ஸி.