கவுன்ட்டர விட்டு எழுந்து வந்த லைப்ரரியன்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

எம்.ஏ. ரெண்டாம் வருஷம்:

ரொம்ப நாளா இத எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன். முதல் ரெண்டு செமஸ்டர் முழுக்க எனக்கு லைப்ரரின்னா உக்காந்து படிக்க ஒரு எடம், அவ்வளவுதான். புக் வேணும்னா நானே ரேக் ரேக்கா சுத்துவேன், கெடைக்கலன்னா பேசாம திரும்பிடுவேன், கவுன்ட்டர்ல போய் கேட்டா இதுகூட தெரியாம பி.ஜி. வந்துட்டாளான்னு நெனப்பாங்களோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம். எங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆள் நான். லைப்ரரியன்னா யாரு, அவங்ககிட்ட என்னெல்லாம் கேக்கலாம்னு சொல்லித்தர வீட்ல யாருமில்ல.

மூணாவது செமஸ்டர்ல ப்ராஜெக்ட். கேட்டலாக்ல பாத்தா புள்ளியியல் புக்குக்கு 519.5ன்னு நம்பர் காட்டுது. ரேக்குக்கு போனா 519.1 இருக்கு, அதுக்கு அடுத்து 519.15 இருக்கு. அஞ்சு பதினஞ்சுக்கு முன்னாடிதானே வரணும், அதனால 519.15க்கு முன்னாடி இருக்கற புக்கையே திரும்பத் திரும்ப பாத்துட்டு நிக்கறேன். இருபது நிமிஷம் இருக்கும். பின்னாடி ஒரு குரல், "எந்தப் பாடம்மா?"ன்னு. திரும்பினா லைப்ரரியன் மேடம், கவுன்ட்டர விட்டு எழுந்து வந்து நிக்கறாங்க. என் கையில இருந்த சீட்ட பாத்துட்டு, "புள்ளிக்கு அப்புறம் பதினஞ்சுன்னு படிக்காத. ஒண்ணு, அஞ்சுன்னு தனித்தனியா படி. 519.1, 519.15, 519.2, அப்படியே போனா 519.5 அங்க கடைசியில இருக்கு"ன்னு விரலால முதுகு முதுகா தொட்டு காட்டினாங்க.

அத்தோட போயிருந்தா நான் இத எழுதியிருக்க மாட்டேன். "எதுக்கு இந்த புக்?"னு கேட்டாங்க. சொன்னேன், 40 பேர்கிட்ட சர்வே எடுத்திருக்கேன், ரெண்டு க்ரூப், 1லேர்ந்து 5 வரைக்கும் மார்க் போட சொன்னேன், இப்போ அத என்ன பண்றதுன்னு தெரியல. "அப்போ உனக்கு புள்ளியியல் முழுசா வேணாம்மா, ரெண்டு க்ரூப்ப ஒப்பிட எந்த டெஸ்ட் போடணும்ங்கறது மட்டும்தானே வேணும்"னு சொல்லி, 001.42ல ஆராய்ச்சி முறை புக்கு ஒண்ண எடுத்து ஒரே ஒரு சாப்டர காட்டினாங்க. டி-டெஸ்ட், மான்-விட்னி ரெண்டயும் படிச்சுட்டு உன் கைடுகிட்ட போய் கேளு, முடிவு அவர்தான் சொல்லணும்னாங்க. ரெண்டு வாரமா மண்டைய ஒடச்சுட்டு இருந்த விஷயம் பத்து நிமிஷத்துல ஒரு வழிக்கு வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு சந்தோஷத்துல தூக்கமே வரல.

உங்களுக்கும் இப்படி யாராவது எழுந்து வந்திருந்தா எழுதுங்க.

பதினெட்டு வருஷ லைப்ரரியன்:

படிச்சு கண்ணு கலங்கிடுச்சும்மா. அந்த மேடம் பண்ணதுக்கு எங்க தொழில்ல ரெஃபரன்ஸ் இன்டர்வியூன்னு பேரு. வர்றவங்க முதல்ல கேக்கற கேள்வி பெரும்பாலும் அவங்களோட உண்மையான கேள்வியா இருக்காது, லைப்ரரியில என்ன கெடைக்கும்னு அவங்களா யூகிச்சு அதுக்கு ஏத்தமாதிரி சுருக்கி கேப்பாங்க. அத விரிச்சு பாக்கறதுதான் எங்க வேலை. "உதவி வேணுமா"ன்னு கேட்டா பத்துல ஒம்போது பேர் "இல்ல மேடம் சும்மா பாக்கறேன்"னுதான் சொல்வாங்க. அதனால நான் அப்படி கேக்கறதையே விட்டுட்டேன். எந்தப் பாடம், எப்போ சப்மிட் பண்ணணும், இதுவரைக்கும் எங்கெங்க தேடின, இந்த மூணுதான் கேப்பேன்.

எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு முதல் லைப்ரரியனா போனவர். போன புதுசுல ஆளே வராத அந்த தனிமை தாங்காம திரும்ப க்ளாஸுக்கே போயிடறேன்னு கேட்டிருக்கார், அப்புறம் லண்டன் போய் அங்க லைப்ரரிகள் எப்படி நடக்குதுன்னு பாத்துட்டு வந்தப்பறம்தான் இந்த வேலையோட அர்த்தமே அவருக்கு பிடிபட்டுது. 1931ல லைப்ரரிகளுக்குன்னு அவர் சொன்ன அஞ்சு விதியில நாலாவது, வாசகரோட நேரத்த மிச்சப்படுத்துங்கறது. ரேக் முன்னாடி ஒரு பொண்ணு இருபது நிமிஷம் நிக்கறத பாத்தும் நாற்காலிய விட்டு எழலன்னா அந்த விதிய நாங்க மீறிட்டோம்னு அர்த்தம். அப்படித்தான் நான் எடுத்துக்கறேன்.

இன்னொன்னும் சொல்லணும். முதல் வாரத்துல எல்லாரையும் கூட்டமா கூட்டிட்டு போய் இது ரீடிங் ஹால் இது ஜர்னல் செக்ஷன்னு காட்டறோம்ல, அது யார் மனசுலயும் நிக்காது, ஏன்னா அன்னைக்கு யாருக்கும் எந்த கேள்வியும் இல்ல. நான் பல வருஷம் அதையே பண்ணிட்டு, பசங்க ஏன் வரலன்னு வருத்தப்பட்டிருக்கேன். இப்போ ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் முதல் அசைன்மென்ட் எப்போ குடுக்கறாங்கன்னு கேட்டு வச்சுக்கிட்டு அந்த வாரம் நானே க்ளாஸுக்கு போறேன். அரை மணி நேரம்தான், ஆனா அவங்க கையில அப்போ ஒரு தலைப்பு இருக்கு, அத வச்சு தேடி காட்டறேன். அதேமாதிரி மாசத்துக்கு ஒருதரம் கேட்டலாக்ல தேடியும் ஒண்ணும் வராத சொற்களோட பட்டியல எடுத்து பாப்பேன். அதுல பாதி ஸ்பெல்லிங் தப்பு, மீதி நாங்க வாங்காம விட்ட புக்கு. கவுன்ட்டருக்கு வர கூச்சப்படற பசங்க அந்த லிஸ்ட்ல எங்ககிட்ட பேசறாங்கன்னு எனக்கு தோணும்.

பழைய மாணவன்:

எல்லா எடத்துலயும் இப்படி இல்ல, அதையும் ஒருத்தர் சொல்லணும். நான் படிச்ச காலேஜ்ல ரேக் பக்கமே விட மாட்டாங்க, சீட்டுல எழுதி ஜன்னல்ல குடுக்கணும், இல்லன்னா இல்லன்னு ஒரே வார்த்தை, ஏன் இல்ல எப்போ வரும்னு கேட்டா கோவம். மூணு வருஷத்துல மொத்தமே நாலு புக்குதான் எடுத்தேன். அந்த லைப்ரரியில என்னென்ன இருந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. மேலே எழுதின தங்கச்சிய படிக்கறப்போ சந்தோஷமாவும் இருக்கு ஏக்கமாவும் இருக்கு.

பிஎச்.டி. மூணாம் வருஷம்:

எனக்கு நடந்தது பணம் சம்பந்தப்பட்டது. ஒரு ஜர்னல்லேர்ந்து மெயில் வந்துச்சு, உங்க ஆய்வு பிரமாதம், ஏழு நாள்ல பப்ளிஷ் பண்றோம், கட்டணம் மட்டும் கட்டிடுங்கன்னு. எனக்கு தீசிஸ் குடுக்கறதுக்குள்ள ஒரு பேப்பர் வந்தாகணும்ங்கற அவசரம். ஜர்னலுக்கு தர்ற ஐஎஸ்எஸ்என் நம்பர் இருக்கு, எடிட்டர்னு பெரிய பெரிய பேராசிரியர் பேரெல்லாம் இருக்கு, வெப்சைட்டும் பளபளன்னு இருக்கு. பணம் கட்ட ரெடியாயிட்டேன். அன்னைக்கு வேற ஒரு பேப்பருக்காக லைப்ரரிக்கு போனவன் பேச்சுவாக்குல இத சொன்னேன். அந்த சார் செஞ்சுட்டு இருந்த வேலைய அப்படியே வச்சுட்டு என் பக்கத்துல சேர போட்டு உக்காந்தார்.

ஐஎஸ்எஸ்என்ங்கறது வண்டி நம்பர் மாதிரிப்பா, இது எந்த வண்டின்னு சொல்லும், நல்லா ஓடுமான்னு சொல்லாதுன்னார். 2003லேர்ந்து டிஓஏஜேன்னு ஒரு பட்டியல் இருக்கு, யாரும் இலவசமா படிக்கக்கூடிய ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்கள்ல தரம் பாத்து சேத்ததெல்லாம் அதுல இருக்கும்னு சொல்லி தேடினார், இது இல்ல. அதுல இல்லன்னா உடனே மோசம்னு அர்த்தமில்ல, இன்னும் ரெண்டு பாப்போம்னு பழைய இதழ்கள தொறந்தார். ஒரே இதழ்ல மாட்டு வைத்தியமும் வங்கி நிர்வாகமும் கவிதை ஆய்வும் பக்கத்து பக்கத்துல கெடக்கு. கடைசியா எடிட்டர் லிஸ்ட்ல இருந்த ஒரு பேராசிரியரோட மெயில் ஐடிய அவரோட சொந்த யுனிவர்சிட்டி பக்கத்துலேர்ந்து எடுத்து, நீங்க இந்த ஜர்னல்ல இருக்கீங்களான்னு ஒரே வரியில கேட்டு என்ன விட்டே மெயில் அனுப்ப வச்சார். மறுநாள் பதில் வந்துச்சு, என் பேர் அதுல இருக்கறதே எனக்கு தெரியாதுன்னு.

பணம் மட்டுமில்ல, அந்த பேப்பர் அங்க போயிருந்தா அப்புறம் நல்ல ஜர்னலுக்கு அனுப்பவும் முடியாம போயிருக்கும். மூணு வருஷ உழைப்பு அது. இத நான் எப்படி மறக்கறது?

காதால படிக்கறவன்:

எனக்கு பார்வை இல்ல. கம்ப்யூட்டர்ல என்விடிஏன்னு ஒரு ஸ்க்ரீன் ரீடர், இலவசமா கெடைக்கறது, அது வாசிச்சு சொல்லி கேட்டுதான் படிக்கறேன். எங்க சிலபஸ்ல இருக்கற பாதி புக்கு ஸ்கேன் பண்ணின பிடிஎஃப். மத்தவங்களுக்கு அது பக்கம், என் மெஷினுக்கு அது வெறும் போட்டோ. தொறந்தா ஒரு சத்தமும் வராது.

லைப்ரரியில டெக்னிக்கல் செக்ஷன்ல இருக்கற அண்ணன்கிட்ட முதல் செமஸ்டர்ல சொன்னேன். ஓசிஆர் போட்டு எழுத்தா மாத்தி குடுத்தார். கேட்டா ஒண்ணும் புரியல. தமிழ் ஓசிஆர்ல என்ன ஆகும்னா ர வர்ற எடத்துல பல தடவ அத துணைக்காலா எடுத்துக்கும், "மரம்"னு இருக்கறது "மாம்"னு வரும். அதுகூட பரவால்ல, கேட்டவுடனே தப்புன்னு தெரிஞ்சுடும். "தரவு"ன்னு இருக்கறது "தாவு"ன்னு வந்தா? அதுவும் ஒரு சொல்தானே, ஸ்பெல் செக்குக்கே தெரியாது. ஒரு முழு சாப்டர்ல ஆசிரியர் எதையோ தாவச் சொல்றார்னு நெனச்சு ரெண்டு நாள் குழம்பியிருக்கேன்.

அந்த அண்ணன்கிட்ட போய் சொன்னேன். அவர் சங்கடப்படல, என்னோட ஹெட்ஃபோன வாங்கி அவர் காதுல மாட்டிக்கிட்டு ஒரு பக்கம் முழுக்க கேட்டார். கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அடுத்த வாரம் லைப்ரரியில ஆறு பசங்கள சேத்து, ஆளுக்கு இத்தனை பக்கம்னு பிரிச்சு, அச்சு பக்கத்தையும் டைப் ஆன பக்கத்தையும் பக்கத்துல வச்சு திருத்த ஏற்பாடு பண்ணினார். தலைப்பையெல்லாம் கம்ப்யூட்டருக்கு தெரியற மாதிரி ஹெட்டிங்னு குறிக்க சொன்னார், அப்போதான் நான் ஒரு கீய அமுக்கி அடுத்த பகுதிக்கு போக முடியும்.

இதுக்கெல்லாம் பதிப்பாளர்கிட்ட அனுமதி வேணாமான்னு ஒரு பையன் கேட்டப்போ அவர்தான் விளக்கினார். 2013ல மராகேஷ்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, 2016 செப்டம்பர் 30லேர்ந்து நடைமுறையில இருக்கு, அதுல சேந்த நாடுகள்ல பார்வை இல்லாதவங்களுக்காக இப்படி மாத்தறதுக்கு சட்டத்துலயே எடம் இருக்குன்னு. எனக்கே அது அதுவரைக்கும் தெரியாது. யாரோ தர்ற சலுகைன்னு நெனச்சுட்டு இருந்தேன், என் உரிமைன்னு அன்னைக்குதான் தெரிஞ்சுது. மூணு செமஸ்டர்ல பதினோரு புக்கு முடிச்சிருக்காங்க. எனக்கு அடுத்து வர்ற தம்பி தங்கச்சிக்கு முதல் நாள்லேர்ந்தே அது இருக்கும்.

பேராசிரியர், சமூகவியல்:

ஆசிரியர் பக்கத்துலேர்ந்து ஒண்ணு. போன வருஷம் ஒரு மாணவன் அசைன்மென்ட்ல எட்டு மேற்கோள் குடுத்திருந்தான், அதுல ஒண்ணுகூட எனக்கு கெடைக்கல. கோவமா லைப்ரரிக்கு அனுப்பினேன், போய் எட்டு பேப்பரையும் எடுத்துட்டு வான்னு. லைப்ரரியன் அவன உக்கார வச்சு ஒவ்வொண்ணா தேடியிருக்காங்க. கட்டுரைக்கு கட்டுரை தனியா தர்ற டிஓஐ நம்பர போட்டா ஒண்ணு தொறக்கவே இல்ல, ஒண்ணு வேற ஏதோ ரசாயன கட்டுரைக்கு போகுது. ஜர்னல் பேர் நிஜம், வால்யூம் நம்பர் நிஜம், அந்த பக்கத்துல இருக்கறது வேற ஆளோட கட்டுரை. ஏஐ கிட்ட கேட்டு வாங்கினதுன்னு நாலாவதுலயே தெரிஞ்சிருக்கும். ஆனா அவங்க அவன ஒரு வார்த்தை திட்டல, எட்டும் இல்லன்னு அவனே கண்ணால பாக்கற வரைக்கும் கூட உக்காந்திருந்துட்டு, "சரி, நீ உண்மையில என்ன சொல்ல வந்த?"ன்னு கேட்டு, நிஜமா இருக்கற மூணு கட்டுரைய தேடி எடுக்க கத்துக்குடுத்து அனுப்பினாங்க.

அவன் என்கிட்ட வந்து அழுதுட்டே ஒத்துக்கிட்டான். நான் மார்க்க குறைச்சிருப்பேன், அவன் எதையும் கத்துக்கிட்டிருக்க மாட்டான். இந்த செமஸ்டர்லேர்ந்து அசைன்மென்ட் தலைப்ப க்ளாஸுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்குத்தான் முதல்ல அனுப்பறேன். 60 பேருக்கு ரெண்டே காப்பி இருக்கற புக்க அவங்க ரெண்டு மணி நேரம் உள்ளயே வச்சு படிக்கற ரிசர்வ்ல போட்டுடறாங்க, யாரும் வீட்டுக்கு எடுத்துட்டு போய் பூட்டி வைக்க முடியாது. இத்தனை வருஷம் இத நான் அவங்ககிட்ட கேட்டிருக்கலாம்.

பதினெட்டு வருஷ லைப்ரரியன்:

சார், இப்பவாவது கேட்டீங்களே, அது போதும். நீங்க சொல்ற மாதிரி இல்லாத பேப்பர தேடிட்டு வர்ற பசங்க இப்போ நிறைய. அவங்க ஏமாத்த வரல, நிஜமாவே இருக்குன்னு நம்பி வர்றாங்க. அதனாலதான் மெதுவா கையாளணும்.

எம்.ஏ. ரெண்டாம் வருஷம்:

எல்லாருக்கும் நன்றி, காதால படிக்கற அண்ணன் எழுதினத எங்க மேடத்துக்கு படிச்சு காட்டினேன், நம்ம கிட்டயும் அப்படி ஒரு குழு ஆரம்பிக்கலாமான்னு கேக்கறாங்க, அந்த ஹெட்டிங் போடற விஷயம் எப்படின்னு கொஞ்சம் விவரமா எழுதுங்கண்ணா.

அப்புறம், நான் இந்த மாசத்துலேர்ந்து சாயங்காலம் ரெண்டு மணி நேரம் லைப்ரரியில வாலன்டியரா இருக்கேன். நேத்து ஒரு முதல் வருஷ தம்பி 300 வரிசை ரேக் முன்னாடி ரொம்ப நேரமா நின்னுட்டு இருந்தான், ஒரே புக்க எடுக்கறதும் வைக்கறதுமா. எழுந்து போய் "எந்தப் பாடம்?"னு கேட்டேன். முதல்ல பேசல, அப்புறம் மெதுவா ஃபோன்ல இருந்த அசைன்மென்ட் தலைப்ப காட்டினான். ரெண்டு பேரும் தேடினோம், அவனுக்கு சரியா வர்ற புக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுவும் வெளிய போயிருக்கு. அவன் பேர்ல அத முன்பதிவு பண்ணி குடுத்திருக்கேன், வியாழக்கிழமை திரும்பி வரணும். வந்தவுடனே நானே அவனுக்கு ஃபோன் பண்றேன்னு சொல்லியிருக்கேன்.