பழைய வீட்டின் காரீயக் குடிநீர்க் குழாய்: பாதியை மட்டும் மாற்றினால் போதுமா?

குன்னூர்வாசி:
குன்னூர் பெட்ஃபோர்டு பகுதியில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் சமையலறைத் தரையைப் பெயர்த்தபோது, சாலையிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் சாம்பல் நிறத்தில், இணைப்புகளில் குமிழ்போலப் புடைத்திருப்பதைக் கண்டோம். ஒழுகாத குழாயைக் கிளற வேண்டாம், சமையலறைப் பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்கிறார் பிளம்பர். வீட்டில் 2 வயதுப் பேரன் இருக்கிறான். தண்ணீரைக் காய்ச்சியே குடிக்கிறோம். பிளம்பர் சொல்வதை ஏற்கலாமா?

கோத்தகிரி ஆசிரியர்:
ஐயா, அது காரீயம் (lead எனப்படும் நச்சு உலோகம்) தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நாணயத்தால் லேசாகச் சுரண்டினாலே வெள்ளிபோல் பளபளக்கும், காந்தம் ஒட்டாது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயாக இருந்தால் காந்தம் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சினால் கிருமிகள்தான் சாகும். காரீயம் அப்படியே தங்கி, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். சமவெளியின் கடின நீர் குழாயின் உட்புறத்தில் சுண்ணாம்புப் படலம் கட்டி ஓரளவு தடுப்பாக நிற்கும். மழையை நம்பிய நம் மலை அணைகளின் நீரோ மென்மையானது, ஆகவே காரீயத்தை எளிதில் கரைத்துக்கொள்ளும். குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை அதை உறிஞ்சக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதால், பேரனை முன்னிட்டுத் தாமதிக்க வேண்டாம். அவனுக்கு ஒரு முறை காரீய அளவுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

உதகை பொறியாளர்:
பாதி மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். வெட்டும்போது ஏற்படும் அதிர்வில் உட்படலம் பெயர்ந்து, சில வாரங்களுக்குத் தண்ணீரில் காரீயம் முன்பைவிடக் கூடுவதுண்டு. எஞ்சிய காரீயத்தோடு செம்பை நேரடியாக இணைத்தால் இரு உலோகங்கள் தொடுவதால் வரும் மின்வேதி அரிப்பும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பின்னால் பழைய ஜி.ஐ. குழாய் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், ஏனெனில் அதன் துரு பல ஆண்டுகளாகக் காரீயத்தைப் பிடித்து வைத்திருக்கும். மண்ணுக்கடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள எச்.டி.பி.இ. (அடர் பாலித்தீன்) குழாய், வீட்டுக்குள் சி.பி.வி.சி. (குளோரின் கூட்டிய பி.வி.சி.) குழாய் என்பது என் யோசனை. பழைய பி.வி.சி. மிச்சக் குழாய்களை யாராவது இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், பி.வி.சி. குழாய்களில் காரீயக் கலவையைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் விதிகளே 2021-இல்தான் வந்தன. திறந்தவெளியில் ஓடும் பகுதியை உறைபனிக்கு முன் மூடிவிடுங்கள்.

கொடைக்கானல் வாசகர்:
செம்புக் குழாய்தான் நீடிக்கும் என்பது என் கருத்து.

உதகை பொறியாளர்:
தண்ணீரில் அமிலத்தன்மை இருந்தால் செம்பும் அரிக்கும். தொட்டியில் நீலப்பச்சைக் கறை தெரிந்தால் அதுவே அடையாளம். ஆகவே தண்ணீரைச் சோதிக்காமல் செம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மற்றொரு குன்னூர்க்காரர்:
மீட்டருக்கு வெளியே சாலையைத் தோண்ட நகராட்சியின் அனுமதி வேண்டும். அந்தத் துண்டும் காரீயமா என்று எழுத்து மூலமே கேளுங்கள். வேலை முடியும்வரை காலையில் சில நிமிடங்கள் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றாமல் துடைப்பதற்குப் பயன்படுத்துங்கள். சமையலுக்கும் குடிக்கவும் குளிர்ந்த நீரை மட்டும் பிடியுங்கள். இரவெல்லாம் குழாயில் நின்ற முதல் தண்ணீரை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரமுள்ள ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி காரீயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதில் தளர்வு கிடையாது. புதுக் குழாய் போட்ட பிறகு டேப்பு முனையின் வலையைக் கழற்றிக் கழுவிவிட்டு, மீண்டும் ஒரு முறை சோதியுங்கள்.